இடுப்பைத் திட்டாதீர்கள், காலைப் பாருங்கள்

கோல்ஃப் பயிற்சித் திடலில் அரை மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். "இடுப்பைத் திருப்பு, இடுப்பைத் திருப்பு" என்று யாராவது யாருக்காவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பந்து வலப்பக்கம் வளைந்தால் இடுப்பு. இடப்பக்கம் ஓடினாலும் இடுப்பு. எனக்கும் ஒரு வருஷம் இதே மருந்துதான். கண்ணாடி முன்னால் நின்று இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் (டான்ஸ் கிளாஸில் சேர்ந்துவிட்டாயா என்று வீட்டில் கேட்டார்கள்). பந்து மட்டும் திருந்தவில்லை.

என்னைக் கேட்டால், புதிதாக ஆடுகிறவர்களின் இடுப்பில் பெரும்பாலும் கோளாறே இல்லை. கிளப்பைத் தூக்குவதற்கு முன்பே, நிற்கும் திசையில் தப்பு நடந்துவிடுகிறது. பழி இடுப்பின் மேல் விழுகிறது.

எப்படி என்கிறீர்களா? (வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளவும்.) பந்திலிருந்து கொடி வரை ஒரு கோடு. நம் பாதம், முழங்கால், இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்து இன்னொரு கோடு. இரண்டும் ரயில் தண்டவாளம் மாதிரி இணையாகப் போக வேண்டும். அப்படியானால் உடம்பின் கோடு கொடிக்குச் சற்று இடப்பக்கம்தான் போகும். நாமோ இடது தோளுக்கு மேலாகக் கொடியைப் பார்த்துப் பார்த்து, நம்மை அறியாமலே மொத்தமாக வலப்பக்கம் திரும்பி நிற்கிறோம். ஐந்து டிகிரிதானே என்று நினைக்கக் கூடாது. 150 கஜத்தில் அது 13 கஜம்.

ஆனால் கொடி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியுமே! அதனால் கிளப் கீழே இறங்கும்போது தோளும் கையும் முந்திக்கொண்டு இடப்பக்கம் இழுக்கின்றன. பென் ஹோகன் 1957-ல் வந்த தன் புத்தகத்தில், டவுன்ஸ்விங் இடுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறார். எடை இடது காலுக்கு வர, இடுப்பு திறக்க, அதன் பின்னால் தோள், கை, கடைசியில் கிளப். இங்கே அந்த வரிசை தலைகீழ். தோள் முந்திவிட்ட பிறகு இடுப்புக்கு என்ன வேலை? அப்படியே நின்றுவிடுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது மட்டும்தான் படுகிறது.

இதைவிட மோசம், சில நாள் பந்து நேராகப் போய்விடுவது. கணக்குப்பதிவியலில் ஈடுசெய்யும் பிழை என்று படிப்போம். ஒரு பக்கத் தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டிவிடும், இருப்பாய்வு அழகாகப் பொருந்தும், புத்தகம் முழுக்கத் தப்பாக இருக்கும். வலப்பக்கம் நின்று இடப்பக்கம் இழுப்பதும் அதுவேதான். ஆளும் திருப்தியாக வீட்டுக்குப் போவார். மறுநாள் ஒரு தப்பு கொஞ்சம் கூடிவிட்டால் போச்சு, புது டிரைவர் வாங்கக் கிளம்பிவிடுவார்.

லீ டிரெவினோ கொடிக்கு நன்றாக இடப்பக்கம் பார்த்து நின்றே ஆறு மேஜர் பட்டம் ஜெயித்தாரே என்று கேட்கலாம். ஜெயித்தார். ஆனால் எங்கே பார்த்து நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியும். பந்தை வலப்பக்கம் வளைக்க வேண்டும் என்றே அப்படி நின்றார். நமக்கு நிற்கிற திசையே தெரியாது, அதுதான் வித்தியாசம்.

இடுப்பைப் பற்றி என் பங்குக்கு ஒன்றே ஒன்று. பேக்ஸ்விங்கில் இடது குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது என்று அதட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஜாக் நிக்லஸ் எழுப்பினார், பதினெட்டு மேஜர் ஜெயித்தார். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து இறுகிப்போன உடம்பு, குதிகாலையும் ஆணியடித்துக்கொண்டு எப்படித் திரும்பும்? இடுப்பைக் கட்டிப்போட்டுத் தோளை மட்டும் முறுக்கினால் சுமை முதுகில்தான் இறங்கும். டைகர் உட்ஸ் 2008 யு.எஸ். ஓப்பனில், இடது முழங்காலில் தசைநார் கிழிந்து காலெலும்பில் விரிசலும் இருக்க, 91 குழிகள் ஆடி ஜெயித்தார். அதைப் பார்த்து வியக்கலாம். அவர் இடது காலைச் சடாரென்று நிமிர்த்துவதைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மட்டும் ஆடுகிற ஐம்பது வயதுக்காரர் அப்படியே செய்துபார்ப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் நான் செய்வது நிக்லஸின் வழக்கம்தான். பந்துக்குப் பின்னால் போய் நின்று, கொடிக்கு நேராக, பந்துக்கு இரண்டு மூன்று அடி முன்னால் ஒரு காய்ந்த புல்லைக் குறித்துக்கொள்வது. முதலில் கிளப் முகம் அதைப் பார்க்கும், பிறகுதான் கால் வைப்பேன். பயிற்சியில் விரல் நுனிகளை ஒட்டி இன்னொரு கிளப்பைத் தரையில் கிடத்திவிட்டு, பின்னால் வந்து பார்ப்பேன். முதல் நாள் அது கொடிக்கு வலப்பக்கம் இருந்த மரத்தைக் காட்டியது. இப்போது கால் சரியாகிவிட்டது, தோள்தான் இன்னும் அந்த மரத்தை மறக்கவில்லை.