கடல் மீன் தொட்டி: பில்டருக்குள் எதைப் போடுவது?

கப்பியும் தங்க மீனும் வளர்த்த வீடுகளில் இப்போது கடல் மீன் ஆசை வந்திருக்கிறது. 2003இல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்த பிறகு, செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் கோமாளி மீனைக் கேட்டு அடம்பிடிக்காத பிள்ளைகள் குறைவு. வாப்பா வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அதன் பிறகு தொட்டியைப் பார்ப்பது உம்மாதான். ஆகவே சகோதரிகளே, கடைக்காரர் எடுத்து நீட்டும் பக்கற்றுகளில் எது தேவை, எது வீண் செலவு என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். அது 56 லீற்றர் கொள்ளும். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனும் அமோனியாவாக மாறும். நன்னீரை விடக் கடல் நீரில் காரத்தன்மை கூடுதல் என்பதால் அதே அளவு அமோனியா இங்கே அதிக நஞ்சாகிறது. இதை ஒரு வகைப் பக்டீரியா நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. மிஞ்சும் நைத்திரேற்றை வாராவாரம் பத்து லீற்றர் அளவில் நீரை மாற்றி வெளியேற்றலாம். உண்மையான பில்டர் இந்தப் பக்டீரியாதான். நாம் காசு கொடுத்து வாங்குவது அது குடியிருக்க ஓர் இடம்.

அந்த இடத்துக்கு நுண்துளைகள் நிறைந்த செரமிக் வளையங்கள் மிகவும் பொருத்தம். கையிலுள்ள காசில் பெரும் பங்கை இதற்கே செலவிடுங்கள். பவளக் கல்லும் இந்த வேலைக்கு நல்லதுதான். ஆனால் ஹிக்கடுவை, பாசிக்குடா என்று சுற்றுலா போன இடத்தில் பிள்ளைகள் பொறுக்கித் தந்தாலும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். நமது கரையோரத்தில் பவளக் கல் எடுப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. உடைந்த பாறை மீண்டும் வளரப் பல வருடங்கள் எடுக்கும்.

அடுத்தது வெள்ளைப் பஞ்சு. மிதக்கும் அழுக்கைப் பிடிப்பது இதன் வேலை. பிடித்த அழுக்கு அங்கேயே கிடந்தால் அழுகி மறுபடி அமோனியாவாகும். மூன்று நாளைக்கு ஒரு தடவை எடுத்து வீசிவிட்டுப் புதிதாக வையுங்கள். தலையணைக்கு அடைக்கும் பொலியெஸ்டர் பஞ்சும் போதும். மருந்தோ வாசனையோ ஏற்றாததாக இருக்க வேண்டும். இலவம் பஞ்சு ஆகாது, அழுகிவிடும்.

மூன்றாவதாகக் காபன். நமது நாட்டிலேயே சிரட்டைக் கரியிலிருந்து இதனைச் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். அதற்காக அடுப்புக் கரியை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அது வேறு. காபன் நீரின் மஞ்சள் நிறத்தையும் வாடையையும் எடுக்கும், அமோனியாவை எடுக்காது. கால் கோப்பை அளவைக் கழுவித் தூசு போக்கி ஒரு வலைப் பையில் இட்டு வைத்து, மாதம் ஒரு தடவை மாற்றினால் போதும்.

சில கடைகளில் அமோனியாவை உறிஞ்சும் என்று சொல்லி ஸியோலைட் கல்லையும் சேர்த்துத் தருவார்கள். நன்னீர்த் தொட்டிக்கு அது உதவும். உப்பு நீரில் உப்பே அதன் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். நன்னீரில் பாவித்து முடிந்த ஸியோலைட்டைச் சுத்தமாக்குவதே உப்புக் கரைசலில் ஊற வைத்துத்தான்! ஆகவே கடல் தொட்டிக்கு அதை வாங்க வேண்டாம். பாசியைக் குறைக்கும் இரும்புத் துகள்களும் ஆரம்பத்தில் அவசியமில்லை.

இனி, நம்மவர்களின் சுத்தம். பாத்திரம் கழுவுவது போல வளையங்களைச் சவர்க்காரம் போட்டோ பைப் தண்ணீரிலோ கழுவினால், குளோரின் பட்டுப் பக்டீரியா செத்து, அடுத்த நாள் மீனும் செத்துவிடும். நீர் மாற்றும்போது எடுத்த அதே தொட்டி நீரை வாளியில் ஊற்றி, பாதி வளையங்களை மட்டும் அதில் அலசுங்கள். மீதிப் பாதியை அடுத்த மாதம் பார்க்கலாம்.

புதுத் தொட்டியில் உடனே மீன் விடாதீர்கள். ஒரு துண்டு இறாலைப் போட்டு, நான்கு முதல் ஆறு வாரம் பில்டரை ஓட விடுங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி, பின்பு இரண்டுமே பூச்சியத்துக்கு வந்ததைச் சோதனைப் பெட்டியால் பார்த்த பிறகே மீன் வாங்க வேண்டும். பிள்ளைகளை அதுவரை சமாளிப்பதுதான் கஷ்டம்.

மின்சாரம் போனால் என்ன செய்வது? 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மூடிய கெனிஸ்டர் பில்டருக்குள் நீரோட்டம் நின்றால் ஒட்சிசன் தீர்ந்து பக்டீரியா சாகும். மின்சாரம் திரும்பியதும் அழுகிய நீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். எனவே வளையங்களில் ஒரு பகுதியைத் தொட்டிக்குள்ளேயே, கற்களுக்குப் பின்னால் வையுங்கள். பற்றரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். நெடுநேரம் நின்ற கெனிஸ்டரை, மின்சாரம் வருமுன் கழற்றி, உள்ளே நின்ற நீரை வெளியே ஊற்றி, புதிதாகக் கலந்த உப்பு நீரில் அலசிய பின்பே மீண்டும் பூட்டுங்கள்.