வயிற்று வலிக்கு ஒரு குற்றவாளி தேவையா?

"கணையத்துல வீக்கமாம்" என்று சொன்னால் போதும். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் மனதில் எழும் முதல் கேள்வி "வலி எப்படி இருக்கு?" என்பதல்ல. "தண்ணி போடுவானோ?" என்பதுதான்! வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவராக இருந்தாலும், விளக்கம் சொல்லியே களைத்துப் போக வேண்டியதுதான்.

இந்தச் சந்தேகம் நியாயமா? கணைய அழற்சியின் (டாக்டர்கள் பாஷையில் பாங்க்ரியாடைட்டிஸ்) வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், பதில் தானாகக் கிடைக்கிறது.

இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும் உறுப்பு கணையம். கிரேக்கர்கள் அதற்கு வைத்த பெயருக்கு 'முழுக்கச் சதை' என்று அர்த்தம். இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன், அதன் பின்னால் ஓடும் ரத்தக்குழாய்களுக்கு அது ஒரு மெத்தை என்றார். கேலன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கணையம் வெறும் தலையணையாகவே இருந்தது!

1642ல் இத்தாலியின் பதுவா நகரில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலை அறுத்துப் பார்த்த விர்சுங், கணையத்துக்குள் ஒரு குழாய் ஓடுவதைக் கண்டார். அது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. செப்புத் தகட்டில் படம் செதுக்கி, மற்ற அறிஞர்களிடம் விளக்கம் கேட்டார். பதில் கிடைக்கும் முன் 1643ல் கொலை செய்யப்பட்டார். அந்தக் குழாய் வழியே போவது ஜீரண நீர் என்று உலகம் ஒழுங்காகப் புரிந்துகொள்ள மேலும் இரண்டு நூற்றாண்டு ஆனது.

1889ல் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ், அதுவரை பதிவான கேஸ்களை எல்லாம் திரட்டி, இது ஒரு தனி நோய் என்று தெளிவாக எழுதினார். 1896ல் ஹான்ஸ் கியாரி சொன்னது இன்னும் பயங்கரம்: கணையம் தன்னைத்தானே ஜீரணித்துக் கொள்கிறது! சோற்றையும் கறியையும் கரைக்க வேண்டிய நீர், தன்னைச் சுரந்த உறுப்பையே கரைக்கிறது.

சரி, அதைத் தூண்டி விடுவது எது? 1878லேயே ஜெர்மன் மருத்துவர் ஃப்ரெட்ரிக் 'குடிகாரரின் கணையம்' என்று ஒரு பெயரே வைத்துவிட்டார். ஆனால் 1901ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் யூஜின் ஓப்பி ஒரு பிரேதப் பரிசோதனையில் கண்டது வேறு. பித்தக் குழாயும் கணையக் குழாயும் சேரும் வாசலில் ஒரு சின்னப் பித்தக்கல் அடைத்துக் கொண்டிருந்தது. பாட்டில் அல்ல, கல்!

நம் பக்கத்துக் கேரளத்தின் கதையும் இதே மாதிரிதான். 1960களில் டாக்டர் கீவர்கீஸ், இளம் வயதிலேயே கணையம் முழுக்கக் கல் விழுந்து, சர்க்கரை நோயும் வந்த ஏழை நோயாளிகளைப் பற்றி எழுதினார். இவர்கள் குடிகாரர்கள் அல்ல. உடனே சந்தேகம் மரவள்ளிக்கிழங்கின் மேல் விழுந்தது. ஏழையின் சாப்பாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாகிவிட்டது. ஆனால் மரவள்ளி சாப்பிடாத ஊர்களிலும் இதே நோய் இருந்தது.

1996ல் டேவிட் விட்காம்ப் குழு, தலைமுறை தலைமுறையாக இந்த நோய் வரும் குடும்பங்களில் ஒரு மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்தது. ட்ரிப்சின் என்ற ஜீரணப் பொருளை அணைக்கும் ஸ்விட்ச் அவர்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. 2002ல், ட்ரிப்சினைக் கட்டுப்படுத்தும் ஸ்பிங்க்1 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் இந்திய நோயாளிகள் பலரிடம் இருப்பது தெரிந்தது. பிறக்கும்போதே கூட வந்ததற்கு யாரைத் திட்டுவது?

எல்லா நஷ்டத்தையும் ஒரே தலைப்பில் எழுதி லெட்ஜரை மூடுகிற கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார். நோய் விஷயத்தில் மட்டும் ஊரே அப்படித்தான் கணக்கு எழுதுகிறது.

மது ஒரு பெரிய காரணம் என்பதில் சந்தேகமே இல்லை. பித்தக்கல்லும் மதுவும்தான் பட்டியலில் முதல் இரண்டு. ஆனால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு எகிறினாலும் வரும், சில மருந்துகளாலும் வரும். சிகரெட்டும் தன் பங்கைச் செய்கிறது. அதே சமயம், மிதமிஞ்சிக் குடிப்பவர்களிலேயே சிறு பகுதியினருக்குத்தான் இந்த நோய் வருகிறது.

"இதனால் என்ன, நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள்" என்று விட்டுவிட முடியாது. 'குடிதான்' என்று முடிவு கட்டிவிட்டால், பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று தேடுவது தள்ளிப் போகும். கல் அங்கேயே இருந்தால் வலி திரும்பவும் வரலாம், அடுத்த முறை உயிரையே வாங்கலாம். இன்னொரு பக்கம், உண்மையிலேயே குடிக்கிறவர் அவமானத்துக்குப் பயந்து டாக்டரிடமே பொய் சொல்வார். இரண்டிலும் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

"குடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்பது வைத்தியத்துக்காக. அதற்கு உண்மையான பதில் வர வேண்டும். பார்க்க வந்தவர் அதையே கேட்பது தீர்ப்புச் சொல்வதற்காக. அவர் ஹார்லிக்ஸைக் கொடுத்துவிட்டு, "வலி குறைஞ்சிருக்கா?" என்று மட்டும் கேட்டால் போதும்.