கடல் ஏறுகிறதா, தரை இறங்குகிறதா?



கடல் மட்டம் உயர்கிறது என்றதும் துருவப் பனி உருகுவதைத்தான் நாம் நினைக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஜகார்த்தாவில் இன்னொரு காரணம் காலடியிலேயே இருக்கிறது. உலகக் கடல் மட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் உயர்கிறது. அந்நகரின் வடக்குக் கரையிலோ, சில இடங்களில் தரை ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்ததை அளந்திருக்கிறார்கள். கடல் ஏறினாலும் தரை இறங்கினாலும் கரையில் குடியிருப்பவருக்கு ஒன்றுதான். தண்ணீர் வாசலுக்கு வருகிறது. முவாரா பாருவில் கடற்சுவருக்கு வெளியே ஒரு பள்ளிவாசல் கைவிடப்பட்டு நீரில் நிற்கிறது.

முக்கிய காரணம், நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி எடுப்பது. களிமண் அடுக்குகளுக்குள் இருக்கும் நீர் மேலே உள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அதை எடுத்துவிட்டால் மண் அமுங்குகிறது. உடலில் நீர் வற்றியவரின் தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கும். சலைன் ஏற்றினால் சரியாகிவிடும். அமுங்கிய களிமண் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

கிணறு போட்டவர்களையெல்லாம் குறை சொல்லிவிட முடியாது. குழாய்த் தண்ணீர் போய்ச் சேராத வீடுகள் அங்கே ஏராளம். ஆனால் தொழிற்சாலைகளும் பெரிய கட்டடங்களும் ஆழத்திலிருந்து உறிஞ்சும்போது, கரையோரத்து ஏழையின் வீடும் சேர்ந்தே தாழ்கிறது.

இதை நிறுத்த முடியுமா? டோக்கியோவின் கோட்டோ பகுதி கடந்த நூற்றாண்டில் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. தொழிற்சாலைகள் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1956இலும், கட்டடங்களுக்கு 1962இலும் சட்டங்கள் வந்தன. 1970களில் தாழ்வது பெருமளவு நின்றது. இழந்த உயரம் மட்டும் திரும்பவில்லை. சுவர்களும் பம்புகளுமே இன்றும் அப்பகுதியைக் காக்கின்றன.

ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் கேராரூர் மேய்ப்பர் தண்ணீருக்காக வாக்குவாதம் செய்தபோது, ஈசாக்கு இரண்டு துரவுகளை விட்டுவிட்டு நகர்ந்தான். மூன்றாவதற்கு ரெகொபோத் என்று பேரிட்டான். இடம் உண்டானது என்பது அதன் பொருள். வசதியுள்ளவர் தண்ணீரில் விட்டுக்கொடுத்தால், மற்றவருக்கு நிற்க நிலம் மிஞ்சும்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற நாம், இம்மாதக் கூடுகையில் ஜகார்த்தாவின் கரையோரக் குடும்பங்களுக்காக ஜெபிப்போம். நம்மில் பலருக்கு ஊரிலும் வீடு உண்டு. அங்கே போர் எத்தனை அடி என்று விசாரிக்கிற நாம், கூரையில் விழுகிற மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழி இருக்கிறதா என்றும் விசாரிப்போம்.