பூட்டு திருடனுக்கு; அவஸ்தை யோக்கியனுக்கு!

முன்பெல்லாம் பாட்டு ஒலிப்பதிவு என்றால் மணிக்கணக்கில் தியேட்டர் வாடகை. இன்று ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும், பாட்டு தயார்!

இதற்கு வழி போட்டது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் கம்பெனி. 1996-ல் 'வி.எஸ்.டி.' என்ற முறையைக் கொண்டு வந்தது. எதிரொலிப் பெட்டி போன்றவற்றை சாஃப்ட்வேராகவே கம்ப்யூட்டருக்குள் செருகலாம். 1999-ல் வாத்தியங்களும் அப்படியே வந்தன. இவற்றுக்குத்தான் 'பிளக்-இன்' என்று பெயர். யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம்.

சரக்கு வந்தது, பின்னாலேயே கள்ளச் சரக்கும் வந்தது. ரிச்சி தெரு, பர்மா பஜார் கள்ள சி.டி. காலத்தை நாம் மறந்தா போனோம்?

சாவி எதற்கு?

கம்பெனிகள் 'டாங்கிள்' என்று ஒரு சாவி கொடுத்தன. அதைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் ஓடும். அதையும் உடைத்தார்கள்! திருடியவன் சாவி இல்லாமலே ஜாலியாகப் பாட்டுப் போட்டான். காசு கொடுத்தவனோ, சாவி ஒடிந்தால் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தான். என்ன நியாயம் இது? கடைசியில் ஸ்டைன்பெர்க்கே 2022-ல் 'க்யூபேஸ் 12'-ல் சாவியைக் கைவிட்டது.

189 டாலர்

2016-ல் அமெரிக்கப் பாடகர் கான்யே வெஸ்ட் தன் கம்ப்யூட்டர் திரையைப் படம் எடுத்து வெளியிட்டார். அதில் 'சீரம்' என்ற பிளக்-இன், திருட்டுத் தளத்தில் திறந்திருந்தது தெரிந்தது! 'சீரம்' கம்பெனியில் பங்குள்ள இசைக்காரர் டெட்மவ்ஸ் கிண்டலடித்துத் தீர்த்தார். அப்போது விலை 189 டாலர். கோடீஸ்வரருக்கு அது ஒரு காசா?

ஆனால் பள்ளிக்கூடப் பையனுக்கு அது மலை. அதே ஆண்டு 'ஸ்ப்ளைஸ்' கம்பெனி, ஃபேன் வாங்குகிற மாதிரி 'சீரம்' பிளக்-இன்னைத் தவணைக்கு விட்டது. மாதம் 9.99 டாலர், கட்டி முடித்தால் சொந்தம். இதுவல்லவோ வியாபாரம்!

'விண்ஆம்ப்' செய்த ஜஸ்டின் ஃப்ராங்கலின் 'ரீப்பர்' இன்னும் ஒரு படி மேலே. 60 நாள் ஓசி. பிறகும் பூட்டு விழாது. 'பணம் கட்டுங்கள்' என்று ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். வீட்டு உபயோகத்துக்கு 60 டாலர்.

ஓசிச் சரக்கில் விஷமும் உண்டு. 2019-ல் 'ஈசெட்' என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் 'லவுட்மைனர்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்தது. திருட்டு இசை சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வந்து, அடுத்தவன் கம்ப்யூட்டரில், அடுத்தவன் கரண்டில், யாருக்கோ கிரிப்டோ காசு சம்பாதித்தது அது! பாட்டு வேலையில் மெஷின் எப்போதும் சூடாகவே ஓடும். யாருக்குச் சந்தேகம் வரும்?

திருட்டுப் பிரதியில் கை பழகி மேலே வந்தவர்கள் உண்டு, ஊரறிந்த ரகசியம். ஆனால் ஒரு பிளக்-இன்னுக்குப் பின்னால் ஒருத்தர், இரண்டு பேர்தான் ராப்பகலாக உழைத்திருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா?

கம்பெனிக்காரர்களே, பூட்டைப் பெரிசாக்காதீர்கள், விலையைச் சிறிசாக்குங்கள். தம்பிகளே, முதல் பாட்டுக்குக் காசு வந்ததா? முதல் வேலையாகப் பிளக்-இன் பாக்கியைத் தீருங்கள்!