நாய்களுக்கும் ஓர் இடம் வரையறுப்போம்

தெருநாய்கள் குறித்து உச்சநீதிமன்றம் 2025-ஆம் ஆண்டில் பிறப்பித்த உத்தரவுகள் நாடெங்கும் பெரும் விவாதத்தை எழுப்பின. தில்லியிலும் சுற்றுப்பகுதிகளிலும் உள்ள தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்றது ஆகஸ்ட் 11 உத்தரவு. பதினொரு நாள்களில் அது மாற்றப்பட்டது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே நாய்களை விட வேண்டும். ரேபிஸ் தாக்கியவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு. கண்ட இடத்தில் உணவிடக் கூடாது, அதற்கென வார்டுதோறும் தனி இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்றது மூன்று நீதிபதிகள் அமர்வு. பின்னர், நவம்பர் 7-இல், கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றவும், அவற்றை மீண்டும் அங்கே விடாதிருக்கவும் நாடு முழுவதற்குமாக உத்தரவிடப்பட்டது.

இவ்விவாதம் பெரும்பாலும் பெருநகரங்களை மனத்தில் கொண்டே நடைபெற்றது. ஆனால், இந்த உத்தரவுகள் புதுச்சேரியின் கொம்யூன்களையும் கட்டுப்படுத்துபவை. பாகூர் கொம்யூனில் உள்ள கிருமாம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி - கடலூர் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பள்ளிகள், ஏரி, வயல்வெளி, சற்றுக் கிழக்கே நகர்ந்தால் கடற்கரை. கிராமமாகவும் நகரமாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் இத்தகைய ஊர்களில் மருத்துவமனை வளாகத்திலிருந்தும் பள்ளி வாயிலிலிருந்தும் அகற்றப்படும் நாய் எங்கே போகும்? இதற்கு விடை காணாமல் உத்தரவை நிறைவேற்றினால், பிரச்னை அடுத்த தெருவுக்கு இடம் மாறுமே தவிரத் தீராது.

நாய்கள் மீதான மக்களின் அச்சம் நியாயமானது. 2024-இல் நாட்டில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நோய்க்குறி தோன்றிவிட்டால் ரேபிஸ் ஏறத்தாழ எப்போதுமே உயிரைப் பறித்துவிடும். உலகில் ரேபிஸால் நிகழும் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. இருட்டில் மிதிவண்டியில் வீடு திரும்பும் மாணவியையும், அதிகாலையில் பால் கொண்டு செல்பவரையும் நாய்க்கூட்டம் துரத்தும்போது, அவர்களிடம் ஜீவகாருண்யம் பேசிப் பயனில்லை.

ஆனால் ஓர் உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். பொதுவெளியில் நாய்களுக்கு நாம் ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறோம். இருப்பதிலேயே தகாத இடத்தைக் கொடுத்திருக்கிறோம் என்பதுதான் சிக்கல். இறைச்சிக் கடைக் கழிவு, மீன் கழிவு, உணவக மிச்சம், கல்யாண மண்டபத்து எச்சில் இலை ஆகியவை சாலையோரம் குவியும் இடமே இன்று நாய்களின் உணவுக்கூடம். எங்கே உணவு கிடைக்கிறதோ அங்கே நாய்கள் கூடும், குட்டி ஈனும், அவ்விடத்தைத் தம் எல்லையாகக் கருதிக் காக்கும். சாலையோரத்தில் அந்த எல்லையை நாள்தோறும் கடந்து செல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். நாய்க்கு இடம் தரலாமா, கூடாதா என்று விவாதிப்பதைவிட, எந்த இடத்தைத் தருவது என்று தீர்மானிப்பதே பயன் தரும்.

நாய்களுக்கு இணக்கமான பொதுவெளி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, ஹைதராபாத் மாநகராட்சி 2018-இல் கொண்டாப்பூரில் ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அமைத்தது போன்ற நாய்ப் பூங்கா. கிருமாம்பாக்கத்துக்கு அது தேவையில்லை. இங்கே பெரும்பாலான நாய்கள் முழுக்க வளர்ப்பு நாய்களும் அல்ல, முழுக்கத் தெருநாய்களும் அல்ல. ஒரு வீட்டில் சோறு உண்டு, தெருவில் படுத்து, வயலில் திரிபவை. அவற்றுக்கும் மக்களுக்கும் தேவை தெளிவான எல்லைகளே.

முதலாவதாக, உணவிடும் இடங்கள். குழந்தைகள் விளையாடும் இடங்களுக்கும் வாயில்களுக்கும் விலகி, நேரம் குறித்து உணவிடும் இடங்களைத் தெரிவு செய்ய வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளே கூறுகின்றன. நாய்கள் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வந்து பழகினால் அவற்றை எண்ணலாம், பிடிக்கலாம், தடுப்பூசி போடலாம். இரண்டாவதாக, வளர்ப்பு நாயைக் கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்லவும், அதன் கழிவை உரிமையாளரே அகற்றவும் நிபந்தனையிட்டு, ஏரிக்கரையின் ஒரு பகுதியையும் குறிப்பிட்ட நேரத்தையும் ஒதுக்கலாம். மூன்றாவதாக, நாய்கள் அறவே கூடாத இடங்கள். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றோடு பறவைகள் தங்கும் நீர்நிலைப் பகுதிகளும் இதில் அடங்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், நரம்பை, பனித்திட்டு, மணப்பட்டு போன்ற கடலோரங்களில் இரவு நேரத்தில் நாய்களைக் கட்டுப்படுத்துவதும் அவசியம்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை அன்று. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுபடும் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. புதுச்சேரியைப் போலவே சிறிய, சுற்றுலாவை நம்பிய கடலோர மாநிலமான கோவா, ஊர் ஊராக நாய்களைப் பிடித்துத் தடுப்பூசி போட்டு, பள்ளிகளில் விழிப்புணர்வு ஊட்டி, 2021-இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

நம்மிடமும் வசதி இல்லாமல் இல்லை. குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவர்களும் மாணவர்களும், கால்நடைத் துறையும், கொம்யூன் பஞ்சாயத்தும் இணைந்தால் ஆண்டுதோறும் ஒவ்வொரு ஊரிலும் தடுப்பூசி முகாமும் கருத்தடை முகாமும் நடத்த முடியும்.

குறை எங்கே என்றால், முடிவெடுக்க வேண்டிய மன்றத்தில். புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பிறகு பொறுப்பு அதிகாரிகளிடம் போனது. எந்தத் தெருமுனையில் உணவிடலாம், எது குழந்தைகள் நடக்கும் வழி என்பது அவ்வூர் உறுப்பினருக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. தேர்தல் வரும் வரை காத்திராமல், ஊர்க்கூட்டம் கூட்டி, பள்ளி ஆசிரியர், செவிலியர், மீனவர், விவசாயி, நாய்க்கு உணவிடுவோர், நாயால் கடிபட்டோர் ஆகியோரைக் கேட்டு இடங்களை வரையறுக்கக் கொம்யூன் ஆணையர் முன்வரலாம்.

மனிதர்களுக்கே சாலையும் கழிவுநீர் வாய்க்காலும் போதாதபோது நாய்க்குச் செலவா என்று கேட்பவர்கள் உண்டு. கழிவை நாள்தோறும் அகற்றுவதும், ரேபிஸைத் தடுப்பதும், பள்ளி வழியைப் பாதுகாப்பதும் மனிதர்களுக்கான செலவுகளே. கடிபட்டவர் தடுப்பூசிக்காக வேலையை விட்டு நான்கைந்து முறை மருத்துவமனைக்கு அலைவதில் இழக்கும் கூலியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், தன் தலைவனோடு நின்று கள்வரை எதிர்த்த கோவிவன் என்னும் நாயைப் பல்லவர் காலத்து நடுகல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மனிதனும் நாயும் இங்கே நெடுங்காலமாகச் சேர்ந்தே வாழ்ந்திருக்கிறார்கள். அன்று ஒவ்வொரு நாய்க்கும் ஒரு தலைவனும் ஒரு வேலையும் இருந்திருக்கக்கூடும். இன்று அவை இல்லாத நாய்களுக்கு ஊரே பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. அதன் முதல் படியாக, கிருமாம்பாக்கத்தின் வரைபடத்தை மேசையில் விரித்து, நாய்க்கு எங்கே இடம், எங்கே இல்லை என்று கோடு போடும் வேலையைக் கொம்யூன் பஞ்சாயத்து இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.