பதினேழு அங்குலத்தில் தளையசிங்கம்

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கொம்பியூட்டர் கடை. பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவில் 'எல்லாம் விண்டோஸ் 11' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. உள்ளே மேசை நிறையச் செக்கண்ட் ஹாண்ட் லப்டொப்புகள். பத்திக்காரர் ஒன்றைத் திறந்து செயலியின் பெயரைத் தேடினார். ஐ5-6300யூ. இந்த வயதுச் செயலிகளில் கோட்டுக்குப் பின்னால் வருகிற முதல் இலக்கந்தான் தலைமுறை; ஆகவே இது ஆறாந் தலைமுறை. இந்தக் கிழமை முழுக்க அவருக்கு இருந்த எரிச்சல் அந்த ஆறில்தான் தொடங்கியது.

மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10ஐக் கைகழுவியது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாந் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்பது அவர்கள் போட்ட சட்டம். சட்டத்துக்குச் சந்து பொந்து உண்டு. பழைய இயந்திரத்திலும் ஏற்றலாம், ஓடும். ஆனால் நாளைக்கு மேம்படுத்தல் வராவிட்டால் கேட்க ஆளில்லை. வாங்க வருகிறவருக்கு இதை ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

"ஓடுதுதானே அண்ணை," என்றார் கடைப் பொடியன்.

2022இல் ரூபாய் விழுந்தது. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. புதுசின் விலையைக் கேட்டுவிட்டுப் பழசைத் தேடி வருகிறவரிடந்தான் இந்த விளையாட்டு. அதே ஆறாந் தலைமுறையில் லினக்ஸ் மின்டை ஏற்றி, 'விண்டோஸ் இல்லை, காசும் இல்லை' என்று ஒட்டியிருந்தால் பத்திக்காரர் பொடியனுக்குக் கைகொடுத்திருப்பார்.

அவர் கடை ஏறியது தனக்காக அல்ல. புங்குடுதீவு மடத்துவெளியில் இருக்கிற மாஸ்டருக்காக. இந்தப் பத்தியின் பழைய வாசகருக்கு மாஸ்டர் யார் என்று சொல்லத் தேவையில்லை. புதியவருக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கண்புரை வெட்டியவர், தபாலட்டைக் காலம் என்றால் வாராவாரம் இங்கே மறுப்பு எழுதக்கூடியவர். அவருடைய மகன் ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்பியிருந்தார். கூடவே, "ஐ7 பாருங்கோ, ராம் 16 ஜிபி பாருங்கோ" என்று நீளமான குரல்பதிவும். மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்று.

"தம்பி, திரை பெரிசாய் இருக்கோணும். மிச்சம் எனக்கு வேண்டாம்."

மாஸ்டர் படம் வெட்டி ஒட்டப் போவதில்லை, விளையாடப் போவதில்லை. வாசிக்கப் போகிறார். அதுவும் நூலகம் இணையத்தளத்தில். 2005இல் தொடங்கிய இந்த முயற்சி, ஈழத்துப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக ஒளிவருடி, யாரும் இறக்கி வாசிக்கலாம் என்று வைத்திருக்கிறது. வேறு ஊரில் இது வசதி. தீவுப்பகுதியில் கதை வேறு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின என்பதை எல்லாரும் சொல்வார்கள். 1991இல் போருக்குள் புங்குடுதீவு சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது வீட்டு அலுமாரிகளில் எத்தனை போயின என்று எவரும் எண்ணவில்லை. ஆளில்லாத அந்த ஊரைத்தான் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராம'மாக எழுதினார். அந்தத் தொகுப்பு வந்தது 1995இல். மாஸ்டர் வீட்டு அலுமாரியும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

தளையசிங்கத்தின் பெயரை இழுக்காமல் பத்திக்காரருக்குப் பத்தி முடியாது என்று வாசகர் சிலர் குறைபடுகிறார்கள். இந்த வாரமும் தப்ப வழியில்லை. மு. தளையசிங்கம் 1935இல் பிறந்து 1973இல், நாற்பதை எட்டாமலே போன புங்குடுதீவு எழுத்தாளர், ஆசிரியர். 1965இல் 'புதுயுகம் பிறக்கிறது' என்ற சிறுகதைத் தொகுதி. பிறகு 'போர்ப்பறை', 'மெய்யுள்'. பத்திக்காரருக்குப் பிடித்தது 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'. 1956க்குப் பிந்திய ஏழு வருட ஈழத்து எழுத்தை எடுத்துவைத்து, விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் கோலோச்சிய காலத்தில் அவர்களோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்ற புத்தகம். எல்லாத் தீர்ப்பும் சரியென்று சொல்ல முடியாது. ஆனால் பயந்து எழுதிய வரி ஒன்றைக் காட்டுவது கடினம்.

எழுதிவிட்டுச் சும்மா இருந்தவரும் அல்ல. புங்குடுதீவில் எல்லாக் கிணறும் நல்ல தண்ணி தராது, பலதும் சவர். கண்ணகி அம்மன் கோயில் நல்ல தண்ணிக் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியார் அள்ளக்கூடாது என்று இருந்தபோது, 1971இல் அவர்களோடு சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். பொலிசாரிடம் அடி வாங்கினார். இரண்டு வருடத்துக்குள் ஆள் இல்லை. அவருடைய பழைய பதிப்பு ஒன்று வேண்டுமென்றால் அவர் பிறந்த தீவிலேயே வீடு வீடாகக் கேட்டுத் திரிய வேண்டும். திரையிலே கிடைக்கிறது.

அப்படியானால் திரை எப்படி இருக்க வேண்டும்? இங்கேதான் கடைக்காரர்களும் மகன்மாரும் ஒருசேர வாய் மூடிவிடுகிறார்கள். அங்குலம் என்று சொல்வது மூலைவிட்டக் கணக்கு. 15.6 அங்குலத் திரை 34.5 சென்ரிமீற்றர் அகலம், 19.4 உயரம். 17.3 என்றால் 38.3க்கு 21.5. படம் பார்க்கச் செய்த வடிவம். புத்தகமோ நெட்டு வடிவம். ஏ4 தாள் 29.7 உயரம். முழுப் பக்கத்தையும் உள்ளே கொண்டுவந்தால் எழுத்து எறும்பாகிறது. மலிவுத் திரையில் உயரத்துக்கு 768 புள்ளிகள்தான் இருக்கும்; பழைய ஈய அச்சில் மெய்யெழுத்தின் தலையில் இருக்கிற குற்று அதிலே கரைந்துபோகும். குற்றுப் போன தமிழை எந்த ஐ7ஆலும் வாசிக்க முடியாது.

வழி இருக்கிறது. விண்டோஸில் திரை அமைப்புக்குள் போய், கிடையை நெடுக்காக மாற்றிவிட்டு, லப்டொப்பை விரித்த புத்தகம் போலப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தால் சரி. 17.3 அங்குலம் இப்போது 21.5 அகலம், 38.3 உயரம். 21 சென்ரிமீற்றர் அகலமான ஏ4 பக்கம் உள்ள அளவிலேயே வந்து உட்காரும். 15.6இல் அது அடங்காது. மாஸ்டரின் பதினேழு வீம்பு அல்ல.

இதற்கு 1920க்கு 1080 புள்ளிகள் வேண்டும், ஐபிஎஸ் வகைத் திரையும் வேண்டும். டிஎன் வகைத் திரை மேலும் கீழும் சரித்தால் வெளுத்தோ கறுத்தோ போகும். அதை நிமிர்த்தி வைத்தால் அந்தக் கோளாறு பக்கவாட்டுக்கு வந்து, இடக் கண்ணுக்கு ஒரு வெளிச்சம், வலக் கண்ணுக்கு வேறு வெளிச்சம். கடையிலேயே மூடியைப் பின்னுக்குச் சாய்த்து ஒருக்காப் பார்த்தால் தெரிந்துவிடும். சின்ன லப்டொப்போடு பழைய 22 அங்குல மொனிற்றர் வாங்குவது இன்னும் மலிவு. கரண்ட் போனால் அது கறுப்புப் பலகை. யுபிஎஸ் பற்றி இந்தப் பத்தி முன்பு புலம்பியதை மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

கடைசியில் எட்டாந் தலைமுறை, 8 ஜிபி, எஸ்எஸ்டி, 17.3 அங்குலம் என்று வேறொரு கடையில் ஒன்று அகப்பட்டது. மூடியின் மூலையில் ஒரு கீறல். அதற்கு விலையில் குறைத்தார்கள். மடத்துவெளியில் அதை நிமிர்த்தி வைத்தபோதுதான் தொடுபலகை குறுக்கே இழுப்பது தெரிந்தது. விரலை மேலே தள்ளினால் அம்பு பக்கத்துக்குப் போகிறது. ஒரு மௌஸ் செருகியதும் அது தீர்ந்தது. காற்றுப் போகிற வாய் மேசையில் படாத பக்கமாகப் பார்த்து வைத்தார்கள்.

மாஸ்டரின் பழைய கட்டுரைகள் எல்லாம் பாமினியில் தட்டியவை. அந்த எழுத்துரு இல்லாத புது இயந்திரத்தில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நின்றது. பாமினியை ஏற்றிக் கொடுத்தாயிற்று. யூனிகோட் விசைப்பலகையையும் ஏற்றியாயிற்று. அதை அவர் தொடுவதாக இல்லை.

மறுநாள் காலையே போன் வந்தது. 'ஏழாண்டு' பாதி முடிந்ததாம். கைலாசபதியைப் பற்றித் தளையசிங்கம் சொன்னதில் பாதி அநியாயம் என்பது மாஸ்டரின் கட்சி. விரிவாய் எழுதி அனுப்புகிறாராம், பாமினியில். யூனிகோடுக்கு மாற்றுவது பத்திக்காரர் வேலையாம்.