தாங்கியவர்கள் எல்லாம் வென்றவர்களா?

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், பள்ளிவாசலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சந்து முனையில் இருக்கும் தேநீர்க் கடைக்கு ஐந்தாறு ஆண்டுகளாகப் போய் வருகிறேன். தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்தவர்களும், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் கிடைத்த நண்பர்களும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. அங்கே காற்பந்துக்கு அடுத்தபடியாக அடிபடும் பேச்சு குத்துச்சண்டை. ஹெவிவெயிட் வெற்றியாளர்களில் யார் பெரியவர்? இந்தக் கேள்விக்கு எத்தனை குவளை தே தாரிக் ஆறிப்போயிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை.

என் நண்பர்கள் மைக் டைசன் கட்சி. எழுபதைத் தாண்டிய கடைக்கார மாமா முகமது அலி கட்சி. 1975-ஆம் ஆண்டில் பெர்ரி ஏறி, பட்டர்வொர்த்திலிருந்து ரயில் பிடித்து, கோலாலம்பூருக்குப் போய் அலியை நேரில் பார்த்தவர் அவர். ஆகவே அவர் பேசினால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம்.

"பதினஞ்சு ரவுண்டு, தம்பி! அந்த வெயில்ல! எத்தனை அடி வாங்குனாலும் அலி விழமாட்டாரு. இப்ப உள்ளவனுங்க பன்னெண்டு ரவுண்டுக்கே நாக்குத் தள்ளுறானுங்க."

பல நாள் தலையாட்டிய நான், இப்போது மறுக்கத் துணிகிறேன். பழைய வெற்றியாளர்களை நாம் அளக்கும் கோலே கோணலாக இருக்கிறது. எவ்வளவு அடித்தார், எவ்வளவு தந்திரமாகத் தப்பினார் என்பவற்றை விட, எவ்வளவு அடியைத் தாங்கினார் என்பதற்கே நாம் அதிக மதிப்பெண் கொடுக்கிறோம். அந்த மதிப்பெண்தான் அவர்களை அழித்தது என்பது என் கருத்து.

முதலில் நம் நாட்டில் நடந்த அந்தப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். 1975 ஜூலை 1-ஆம் நாள், மெர்டேக்கா அரங்கம். உலக வெற்றியாளர் அலிக்கு வயது 33. எதிர்த்து நின்ற ஜோ பக்னருக்கு 25. அலி புள்ளிகளில் வென்றார். பக்னர் பதினைந்து சுற்றும் கைகளை உயர்த்தித் தற்காத்துக்கொண்டே நின்றார். வெல்லும் ஆசையே இல்லாதவர் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவரைத் திட்டித் தீர்த்தன. மாமாவும் இன்றுவரை திட்டுகிறார். ஆனால் அலியோடு இரண்டு முறை, ஜோ பிரேசியரோடு ஒரு முறை, மூன்று போட்டிகளிலும் கடைசி மணி அடிக்கும்வரை நின்றவர் பக்னர். அடி படாமல் நிற்பதும் ஒரு கலைதானே? அதற்கு ஏன் நாம் கோழைத்தனம் என்று பெயர் வைத்தோம்?

உண்மையில், அலியே அந்தக் கலையில்தான் முதலில் புகழ்பெற்றார். 1967-க்கு முந்தைய அலி, எதிராளியின் கைக்கு அகப்படாதவர். அந்த ஆண்டில் வியட்நாம் போருக்குப் போக மறுத்தார். பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றரை ஆண்டுகள் அவர் மேடை ஏற முடியவில்லை. 1970-இல் திரும்பி வந்தபோது கால்களில் பழைய வேகம் இல்லை. கால் கைவிட்ட இடத்தில் உடல் அடியை ஏற்கத் தொடங்கியது. 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் போர்மனின் குத்துகளை வாங்கி, எட்டாவது சுற்றில் அவரை வீழ்த்தினார். உலகம் கைதட்டியது. தாங்குவது ஓர் உத்தி என்று அன்று முடிவாகிவிட்டது. நான்கு சுவருக்குள் பயிற்சி செய்யும்போதுகூட அவர் அடியை வாங்கிப் பழகினார்.

கோலாலம்பூருக்கு மூன்று மாதம் கழித்து, 1975 அக்டோபர் 1-இல், மணிலா அருகே பிரேசியரோடு மூன்றாவது போட்டி. பதினான்கு சுற்றுகள் முடிந்தபோது பிரேசியரின் கண் வீங்கி மூடிவிட்டது. ஒரே ஒரு சுற்றுதான் மிச்சம். அவருடைய பயிற்றுநர் எடி பட்ச் போட்டியை நிறுத்தினார். பிரேசியர் மறுத்தும் அவர் கேட்கவில்லை. அன்றைய மேடையில் மிகத் துணிச்சலான செயலைச் செய்தவர் யார் என்று கேட்டால், நான் பட்சின் பெயரைத்தான் சொல்வேன்.

அலியின் பக்கம் அப்படி ஒருவர் உரிய காலத்தில் இல்லை என்பதே துயரம். 1977-இல் எர்னி ஷேவர்ஸோடு பதினைந்து சுற்று ஆடியபின், அலியின் மருத்துவர் பெர்டி பச்சேகோ போதும் என்று எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

1980-இன் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார். எம்.ஜி.ஆர் முதலமைச்சராக இருந்த காலம். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தை 2021-இல் பார்த்து நாம் விசிலடித்த அந்த வடசென்னைக் குத்துச்சண்டை இரசிகர்களின் கனவு நாயகன் நேரில் நின்றார். அன்று அந்த மேடையில் நின்ற இருவரின் பிற்காலத்தையும் எண்ணிப் பாருங்கள். முன்னாள் வெற்றியாளர் எல்லிஸ் நினைவிழப்பு நோயோடு வாழ்ந்து 2014-இல் மறைந்தார். அலிக்கு 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள். 2016-இல் மறையும்வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த நோயோடு வாழ்ந்தார். அலியின் நோய்க்குக் குத்துச்சண்டைதான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அத்தனை அடியும் அவருக்கு நன்மை செய்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

சென்னைக்கு வந்த அதே ஆண்டு அக்டோபர் 2-இல், 38 வயதில், லாரி ஹோம்ஸ் முன்னால் அலியை நிறுத்தினார்கள். போட்டிக்கு முந்தைய மருத்துவச் சோதனையிலேயே பேச்சுத் தடுமாற்றம் குறித்துக் குறிப்பு இருந்தது. இருந்தும் அனுமதி கிடைத்தது. பத்துச் சுற்று முடிந்தபிறகுதான் பயிற்றுநர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார். 61 போட்டிகளில் அலி இடையில் நிறுத்தப்பட்டது அந்த ஒரே முறைதான். நம் இரசிகர்கள் அதையும் பெருமையாகச் சொல்கிறார்கள்: பார்த்தீர்களா, அன்றுகூட அவர் விழவில்லை! விழுந்திருந்தால் நல்லதாயிற்றே என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

அந்த வெற்றிக்காக ஹோம்ஸை இன்றுவரை பலர் மன்னிக்கவில்லை. ஏழாண்டுகள் வெற்றியாளராக இருந்து, இருபது முறை பட்டத்தைத் தற்காத்தவர். இடக்கைக் குத்தாலேயே எதிராளியைத் தள்ளி நிறுத்தும் நுட்பம் கைவரப் பெற்றவர். 48 போட்டிகளில் தொடர்ந்து வென்று, ராக்கி மார்சியானோவின் 49-ஐத் தொட ஒன்று குறைவாக, 1985-இல் தோற்றார். எங்கள் மேசையில் அவர் பெயரைச் சொன்னால் "அவனா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். என் பட்டியலில் அவருக்கு முதல் ஐந்தில் இடம் உண்டு.

மாமா சொல்லும் பதினைந்து சுற்றுப் பெருமைக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1982 நவம்பரில் கொரியாவின் டுக் கூ கிம், லைட்வெயிட் பட்டப் போட்டியில் பதினான்காவது சுற்றில் வீழ்ந்து, சில நாள்களில் இறந்தார். அதன் பிறகே பட்டப் போட்டிகளைப் பன்னிரண்டு சுற்றாகக் குறைக்கத் தொடங்கினார்கள். இப்போதுள்ளவர்கள் சோம்பேறிகள் என்பதால் அன்று. ஓர் உயிர் போனதால் குறைந்த மூன்று சுற்று அது.

தற்காத்து ஆடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2025 செப்டம்பரில், 75 வயதில், பிரிஸ்பேனில் பக்னர் காலமானார். அவரும் இறுதிக் காலத்தில் நினைவிழப்பு நோயால் அவதிப்பட்டவர்தான். இந்த விளையாட்டு தன் கடனை எல்லாரிடமும் வசூலிக்கிறது. நாமாவது வட்டி போடாமல் இருக்கலாம் அல்லவா?

வாசக நண்பர்களே, குத்துச்சண்டைக்கும் தமிழ் மொழிக் கழக ஆண்டிதழுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். என் தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பள்ளிவாசல் சாலையிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். மற்றவர்கள் ஒரு மூட்டை தூக்கும்போது அவர் இரண்டு தூக்குவாராம். "அவனுக்கென்ன, இரும்பு, தாங்குவான்" என்றார்களாம். இரண்டாவது மூட்டையை முதுகில் ஏற்றியவர்களும் அதையேதான் சொன்னார்கள். நான் பார்த்த தாத்தா, குனிந்து சிலிப்பர் மாட்ட முடியாமல் சுவரைப் பிடித்து நின்றவர். அவர் இறந்த அன்றும் வந்தவர்கள் அந்த இரண்டு மூட்டைக் கதையைத்தான் பெருமையாகப் பேசினார்கள். நானும் கண் கலங்கித் தலையாட்டினேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த மூட்டையை இறக்கச் சொன்னவர் ஒருவராவது இருந்தாரா என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும்.

நம் சமூகத்தில் தாங்குபவருக்குக் கைதட்டும் பழக்கம் நீண்டது. இரட்டை வேலை நேரம் பார்க்கும் அம்மாக்களைப் பற்றி, "அவங்க சமாளிப்பாங்க" என்கிறோம். என் அம்மாவைப் பற்றி நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது பாராட்டுப் போலத்தான் ஒலிக்கிறது. உண்மையில் அது நம் பொறுப்பிலிருந்து நாம் நழுவும் வழி.

போன வாரம் இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "நீ சொல்றது சரியா இருக்கலாம் தம்பி. ஆனா அலி அலிதான்" என்றார்.

அலி அலிதான். அதில் எனக்கும் ஐயமில்லை. அவர் அடித்த குத்துகளுக்காகவும், போருக்கு மறுத்த துணிவுக்காகவும் அவரைக் கொண்டாடுவோம். வாங்கிய அடிகளுக்காகக் கொண்டாடுவதை நிறுத்துவோம். அடுத்த முறை யார் பெரிய வீரர் என்ற வாதம் எழும்போது, எடி பட்சின் பெயரையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நம் வீட்டில் யாராவது பதினான்காவது சுற்றில் நின்றுகொண்டிருக்கிறார்களா என்றும் திரும்பிப் பாருங்கள்.